புள்ளிக்கு ஒரு வால்

பத்துக் கருவிகளில் நான்கைத் தேறாது என்று நான் தள்ளியிருந்தேன். வியாழக்கிழமை மாலை அறிக்கையில் கையெழுத்துப் போட்டு முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, பை, குடை, சாப்பாட்டுப் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பினேன். பேருந்து நிலையம் போவதற்குள் இரண்டு முறை நின்று பையைத் திறந்து பார்த்தேன். எதையும் மறக்கவில்லை. ஆனாலும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

எங்கள் பட்டறை நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டையில் இருக்கிறது. வேலை செய்பவர்கள் ஏழு பேர். நில அளவைக் கருவிகளுக்கு லென்ஸ் பொருத்திக் கொடுப்பதுதான் பல வருடத் தொழில். சென்ற ஆண்டு முதலாளி புதிதாக ஒன்றில் இறங்கினார். விளையாட்டுக்காகச் சுடுகிற காற்றுத் துப்பாக்கிகளின் மேல் பொருத்தும் குறிநோக்கி. உள்ளங்கை நீளக் குழாய். பார்க்கும் பொருளை மூன்று மடங்கு பெரிதாகக் காட்டும். அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. உள்ளே ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லிய குறிக்கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஒளிரும். வெளிச்சத்துக்கு ஆறு படிகள். பட்டறையில் எல்லோரும் அதைச் 'சைட்' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் நான் 'கருவி' என்று மட்டும் சொல்லுவேன். நாள் முழுக்கச் சைட் பார்ப்பதுதான் வேலை என்று ஒருமுறை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்; அது குடும்பம் முழுக்கப் பரவி, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வரும்வரை சிரித்தார்கள்.

நான் கருவியியல் படித்தவள். சோதனை மேசை என்னுடையது. எனக்கு எதிரே அசெம்பிளி மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாற்பது வயது இருக்கும். புதுக்கடைப் பக்கத்திலிருந்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவச் சபையில் பாடுகிறவர். ஆறு வருடமாகப் பின்கட்டில் லென்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். பிரிசம் என்கிற பட்டைக் கண்ணாடியை ஒட்டவும் கோடு பொறித்த குறித்தகட்டை நேராக உட்காரவைக்கவும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். இந்தப் பத்தும் தன் பொறுப்பில் அவர் முழுக்கச் செய்துமுடித்த முதல் தொகுதி.

முதலாளி தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். "பத்துல ரெண்டு போனா பொறுத்துக்கிடலாம். மூணு போச்சுன்னா அசெம்பிளியே நமக்கு வேண்டாம். வெளியூருல செஞ்சதை வாங்கி நம்ம பேரை ஒட்டிக் குடுத்துருவேன், கேட்டியா?" அக்கா தலையாட்டினார். அதன் பொருள் எங்கள் இருவருக்குமே தெரியும். மூன்று போனால் அவர் திரும்பவும் பின்கட்டுக்கு, லென்ஸ் கழுவும் தொட்டிக்குப் போகவேண்டும்.

நான் தள்ளியது நான்கு.

சோதனையை நான் எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவியைச் சட்டத்தில் நிமிர்த்திப் பிடிப்பேன். சட்டத்தின் பள்ளம் ஒரே வாக்கில்தான் கருவியை ஏற்கும். பட்டறையின் பெரிய கதவைத் திறந்துவைத்தால் சாலையின் கடைசியில், சுற்றுச்சுவரில் சாய்த்துவைத்த வெள்ளைப் பலகை தெரியும். அதுதான் இலக்கு. தூசி, குமிழி உண்டா? கோடுகள் நேராக இருக்கின்றனவா? கண்ணை இடமும் வலமும் நகர்த்தினால் புள்ளி இலக்கிலிருந்து விலகுகிறதா? ரப்பர்ச் சுத்தியலால் பன்னிரண்டு தட்டு தட்டிய பிறகும் அதே இடத்தில் நிற்கிறதா? கடைசியாக, வெளிச்சத்தை ஐந்தாம் படியில் வைத்து, புள்ளி வட்டமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், ஒரு குறி.

முதல் ஆறையும் திங்களும் செவ்வாயும் பார்த்தேன். ஆறும் தேறின. புள்ளி குண்டூசித் தலை மாதிரி வட்டமாக, சுத்தமாக இருந்தது. செவ்வாய் இரவு மழை பிடித்துக்கொண்டது. புதனும் வியாழனும் பட்டறைக்குள் காலையிலேயே சாயங்காலம் மாதிரி இருந்தது. அந்த இரண்டு நாட்களில் பார்த்த நான்கிலும் புள்ளிக்கு ஒரு வால் இருந்தது. கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், ஏழு மணி இருக்கும் திசையில் நீண்ட சிவப்புக் கீற்று; எதிர்ப்பக்கம் ஒரு மணித் திசையில் அதே கீற்றின் சிறு துண்டு. குறிவைக்கும் புள்ளி இழுபட்டுத் தெரிந்தால் அந்தக் கருவியால் பயனில்லை. நான்கிலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி. பிரிசத்தை ஒட்டும்போது ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்: 'அசெம்பிளிக் குறை.'

முதலாளி மதுரை போயிருந்தார், சனிக்கிழமை வருவார். அறிக்கை மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை அக்கா அதை எடுத்துப் படித்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேர் கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காருவது வழக்கம். மூன்றாமவர் கடைசல் வேலை செய்யும் அண்ணன். அக்கா கொண்டுவந்த மரச்சீனிக் கிழங்கிலும் மீன் கறியிலும் எனக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு. அன்று பாத்திரத்தைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

அண்ணன் நிலைமையை இலேசாக்கப் பார்த்தார். "நாலு போச்சாமே? சைட் பாக்குத பிள்ளைக்கு ஒரு சைட்டும் பிடிக்கல்ல. போன மாசம் பெண்ணு பாக்க வந்த மாப்பிளையையும் வாலு இருக்குன்னுதான் திருப்பி விட்டியா?"

"அவருக்கு வாய் இருந்தது. வால் பார்க்கிற அளவுக்குப் போகவில்லை" என்றேன். அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"ஏட்டி, நான் கேக்கேன். ஆறுக்கு வராத வாலு நாலுக்கு மட்டும் எங்க இருந்து வந்துது? பத்தும் ஒரே கைதான் ஒட்டிச்சு. ஒரே பசைதான்."

"அக்கா, நான் பார்த்ததைத்தான் எழுதினேன்."

"நீ பாத்ததுனாலதான் வந்துது. நீ கரிங்கண்ணி!"

அண்ணன் வாயில் போட்ட கிழங்கை மெல்வதை நிறுத்தினார். கண் பட்டால் பட்டதெல்லாம் கெட்டுப்போகும் பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் பெயர் அது. அதைக் கேட்டு வளராத பெண் இங்கே இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

"சபையில பாடுத ஆளு கண்ணேறு எல்லாம் நம்புதீங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"நான் ஒண்ணும் நம்பல்ல. ஆனா இவ கரிங்கண்ணிதான்" என்றார் அக்கா. பாத்திரத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். அவருடைய மேசை விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. உட்கார்ந்து, நுண்பாகங்களைப் பிடித்தெடுக்கும் தன் சாமணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பின்கட்டில் சாமணத்துக்கு வேலையில்லை.

பிற்பகல் முழுக்க என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இதற்கு எங்கள் ஊரில் வெப்ராளம் என்போம். படபடப்பு, பதற்றம் என்று எப்படிச் சொன்னாலும் பாதிதான் வரும். கால் தானாக ஆடிற்று. தண்ணீர் குடித்தேன், உடனே மறுபடி குடித்தேன். கோபப்படவும் எனக்குச் சரியான காரணம் கிடைக்கவில்லை. வசவு பொய், அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. பத்தும் ஒரே கை, ஒரே பசை என்றால் ஆறுக்கும் நாலுக்கும் இடையே மாறியது என்ன? ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கண்ணாடி ஒரே பெட்டியிலிருந்து. எல்.இ.டி. ஒரே சுருளிலிருந்து. சட்டம் அதுவே. பலகை அதுவே. பார்த்தவள் நானே. அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு, மாறாதவற்றின் பட்டியலில் அதையும் சேர்த்து, தாளை மடித்துவைத்தேன்.

அன்று மாலை குழித்துறைக்குப் போகும் பேருந்தில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. தக்கலை தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்தது. வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்தன. மார்த்தாண்டம் நெருங்கியபோது நெரிசலில் நின்றோம். முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் வரிசையாகக் கார்கள். எல்லாவற்றின் பின்விளக்குகளும் சிவப்பாக எரிந்தன.

எல்லா விளக்குக்கும் வால் இருந்தது. ஏழு மணித் திசையில்.

இத்தனை வருடம் மழையில் விளக்குகளை இப்படித்தான் பார்த்திருக்கிறேன். விளக்கென்றால் மழையில் இழுபடும், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். தலையை இடது தோள் பக்கமாகச் சாய்த்தேன். சாலையில் இருந்த அத்தனை வால்களும் என்னோடு சாய்ந்தன. நிமிர்ந்தேன், அவையும் திரும்பி வந்தன. மறுபக்கம் சாய்த்தேன்.

பக்கத்தில் ஈரக்குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தார். "என்ன மக்கா, கழுத்து பிடிச்சிருக்கா?"

"இல்லை. அந்த லாரி விளக்கு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எப்படித் தெரியும்? சேப்பாத் தெரியுது."

"வைப்பர் துடைத்த உடனே பாருங்க. கீழே, இடது பக்கமாக, வால் மாதிரி ஏதாவது நீண்டிருக்கா?"

அவர் முன்னால் குனிந்து நிதானமாகப் பார்த்தார். வைப்பர் மூன்று முறை போய்வந்தது. "ஒரு வாலும் இல்ல. வட்டமா இருக்கு, சோடாப்புட்டி மூடி கணக்கா. உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப லாரிக்காரன்ட்ட கேக்காத. கண்ணு டாக்டர்ட்ட கேளு" என்றவர், பிறகு மெதுவாக, "வண்டி ஒண்ணும் ஓட்ட மாட்டியே நீ?" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேனா என்பது நினைவில்லை. வெயில் நாளில் கண்ணின் பாவை சுருங்கும். சுருங்கிய பாவையின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கும்போது கண்ணின் கோணல் வெளியே தெரியாது. இருட்டில் பாவை விரியும். கோணல் முழுக்க வெளியே வரும். இது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. தேர்வில் எழுதியிருக்கிறேன், படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். திங்களும் செவ்வாயும் வெயில், புதனும் வியாழனும் மழை. என் படிவத்தில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. வானம் எப்படி இருந்தது, எந்தக் கண்ணால் பார்த்தது என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அப்போது வந்த பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் அக்காவை நினைக்கவில்லை. என் மேசையை நினைத்தேன். கண் சரியில்லாதவளுக்குச் சோதனை மேசையில் என்ன வேலை? அறிக்கை போய்விட்டது. நான்கிலும் வால் இருந்தது என்று நான் சொன்னால், அந்தப் பட்டறையில் அதை மறுத்துப் பேசும் படிப்பு வேறு யாருக்கும் கிடையாது. பேசாமல் இருந்தால் போதும். போதும் என்று நினைத்தபடியே எழுந்து கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். அம்மா, "உக்காரு மக்கா, எனக்குத் தலை சுத்துது" என்றார்.

சனிக்கிழமை முதல் பேருந்தில் போனேன். காவலாளியிடம் சாவி வாங்கிப் பட்டறையைத் திறந்தபோது மணி ஏழு. மழை இருட்டு அப்படியே இருந்தது. சோதனைக்கு அதுதான் தேவை. தள்ளிய நான்கில் ஒன்றை எடுத்தேன். சட்டத்தில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். இப்படி வைத்தால் குழாயை எந்தப் பக்கமும் உருட்டலாம். ஐந்தாம் படி. புள்ளி, வால். குழாயைக் கால்வட்டம் திருப்பினேன். கோடுகள் திரும்பின. வால் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு கால்வட்டம். வால் அசையவில்லை. குறை கருவியில் இருந்தால் அது கருவியோடு திரும்பியிருக்கவேண்டும். வலது கண்ணை உள்ளங்கையால் மூடி இடது கண்ணால் பார்த்தேன். சுத்தமான வட்டம்.

தேறிய ஆறில் ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணில் அதற்கும் அதே வால்.

முதலாளி ஒன்பது மணிக்கு வந்தார். கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அறிக்கையைப் படித்து, கைபேசியை எடுத்தார். அக்கா தன் மேசையில் சுற்றிவைத்த துணிப்பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். எதையும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வெளியூர்ல யாரையும் கூப்பிட வேண்டாம். அந்த அறிக்கை தப்பு" என்றேன்.

"தப்புன்னா?"

"வால் கருவியில் இல்லை. என் வலது கண்ணில் இருக்கிறது."

அவர் கைபேசியைக் கீழே வைத்தார். நான் வரிசையாகச் சொன்னேன்: குழாயைத் திருப்பியது, இடது கண், வெயில், மழை. சொல்லச்சொல்ல என் குரல் எனக்கே பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டது. அவர் எழுந்துபோய் மரக்கட்டை நடுவே குனிந்து தானே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குப் புரை எடுத்த கண்ணு, பிள்ளே. எல்லாமே நிலாவாத் தெரியுது. நான் பாத்துச் சொன்னா நடக்காது." நிமிர்ந்தவர் என்னைக் கேட்டார்: "இதுக்கு முன்னால நீ தள்ளுனதெல்லாம்?"

அந்தக் கேள்வியைத்தான் நான் இரவு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். நில அளவைக் கருவிகளில் ஒளிரும் புள்ளி கிடையாது. ஆனாலும் 'மங்கல்' என்று நான் எழுதித் திருப்பிய லென்ஸ்கள் உண்டு. அவற்றில் எத்தனை மழை நாளில் திருப்பியது என்று எனக்குத் தெரியாது. "தெரியாது சார்" என்றேன்.

"சரி. யாருக்குக் கண்ணு நல்லா இருக்கோ அவங்க பாக்கட்டும். நீ எழுது." அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"செய்ததையே நான் பாக்கணுமா?" என்றார் அக்கா. "நாளைக்கு யாராவது ஒரு சொல்லு சொல்லதுக்கா?"

"திருப்பிப் பாக்கணும். வாலு இருந்து சுத்துச்சுன்னா தப்பு உனக்கு, வாலே இல்லன்னா இந்தப் பிள்ளைக்கு. இதுல என்ன சொல்லு?"

நான்கையும் அவர் பார்த்தார். கட்டைகளுக்கு நடுவே குனிந்து, கருவியைக் கால்வட்டம் கால்வட்டமாக உருட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நான் படிவத்தில் புதிதாக இரண்டு கட்டம் போட்டுக் காத்திருந்தேன். முதல் கருவி: வட்டம். இரண்டாவது: வட்டம். மூன்றாவதை அவர் ஒரு சுற்று சுற்றினார், மறுபடி ஒரு சுற்று. முதலாளி வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். என் வலது கண்ணுக்கு அந்த நான்கும் ஒன்றுதான். அவர் வட்டம் என்று சொன்னால் வட்டம் என்றுதான் எழுதியிருப்பேன்.

"எழுது" என்றார்.

"என்ன எழுத?"

"வாலுன்னு எழுது. இது சுத்துது."

நிமிர்ந்து என்னைப் பார்க்காமல் நான்காவதை எடுத்தார். வட்டம். ஆக, பத்தில் ஒன்று. முதலாளி உள்ளே வந்து தாளைப் பார்த்து, "ஒண்ணு பரவாயில்ல" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைத் திங்கட்கிழமை கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கண்ணாடி வரும்வரை நான் எழுத மட்டும் செய்யலாம், பார்க்கக்கூடாது. அது நியாயம்தான். ஆனால் சோதனை மேசையின் முன்னால் வெறும் பேனாவோடு உட்கார்ந்திருப்பது என்னவோ போல இருந்தது.

அக்கா துணிப்பொட்டலத்தைப் பிரித்தார். விளக்கைப் போட்டு, அந்த மூன்றாவது கருவியைக் கழற்ற ஆரம்பித்தார். குறித்தகட்டின் விளிம்பில், எல்.இ.டி.க்குப் பக்கத்தில், மயிரளவு பசை வழிந்து காய்ந்திருந்தது. சிவப்பு வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்திருக்கிறது. சட்டத்தில் நிமிர்ந்து நின்றபோது அந்தக் கீற்றும் ஏழு மணித் திசையில், என் கண்ணின் வாலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சுமுனையால் அதை எடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பூட்டி முடித்ததும் அதைக் கொண்டுவந்து என் முன்னால் கட்டைகளுக்கு நடுவே வைத்தார். "பாரு."

"நான் பார்க்கக்கூடாது அக்கா."

"வலது கண்ணுக்குத்தானே வெலக்கு? எடதாலே பாரு. எனக்க வேலைய நானே பாஸ் போடுதது எனக்குக் கொள்ளாது."

ஒரு கையால் வெளிச்சத்தை ஐந்துக்குக் கொண்டுவந்தேன், மறுகை குழாயில். வலது கண்ணை மட்டும் மூட எனக்கு வராது. இரண்டும் சேர்ந்தே மூடிக்கொள்கின்றன. இரண்டு முறை முயன்றேன்.

"இந்தக் கண்ணையா இத்தன நாளு நம்பினோம்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையை என் வலது கண்ணின் மேல் வைத்தார். ஸ்பிரிட் வாடை அடித்தது. கை சில்லென்று இருந்தது.

குழாயைக் கால்வட்டம் திருப்பினேன். அரைவட்டம். முக்கால். முழுவதும்.

"சொல்லுட்டீ!"

"வட்டம்" என்றேன். "எல்லாப் பக்கமும் வட்டம்."

"பின்ன எழுது."

"கையை எடுங்க, எழுதுகிறேன்."

"இன்னொரு வட்டம் சுத்திப் பாத்துக்கிட்டு எழுது" என்றார். கையை எடுக்கவில்லை.